யாருடைய இரண்டாவது கோடு?

அத்தியாயம் 14

போன வாரம் நீங்கள் பத்திரிகையை மூடி வைத்தபோது ஈரலக்கா ஒரு பிளாஸ்டிக் டிரேயை வெறித்துப் பார்த்தபடி நின்றிருந்தாள். உங்களுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு, பாவம், ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கிறது. அதிலும் பொட்டுத் தூக்கம் இல்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரலக்கா என்பது தெரு வைத்த பெயர். கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் பி கிருமியை ஒழித்தே தீருவது என்று ஓடியாடும் ஒரு தொண்டு அமைப்பில் அவளுக்கு ஒன்பது வருடமாக வேலை. தொழிற்சாலை வாசல், கல்லூரி, பஸ் டிப்போ என்று போகிற இடமெல்லாம் மேசை போடுவாள். விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு துளி ரத்தம், பதினைந்து நிமிடம். ஒரு கோடு வந்தால் பயமில்லை. இரண்டு கோடு வந்தால் கிருமி இருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்று மாலை மூன்று மணிக்கு அரசின் சுகாதாரக் குழு முன்னால் அவள் பேச வேண்டும். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இலவசமாக இந்தப் பரிசோதனை, பிறக்கிற குழந்தைகள் எல்லாருக்கும் ஒரு நாளைக்குள் தடுப்பூசி, இதுதான் கோரிக்கை. அந்த மனுவின் அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். வேறு குடும்பத்தைத் தேடுவானேன் என்று தன் குடும்பத்தையே நேற்று ஆபீசுக்கு இழுத்துப் போனாள். கணவர், மாமியார், ஏழு மாதக் கர்ப்பிணியான நாத்தனார் மூவருக்கும் விரலைக் குத்திப் போட்டோவும் எடுத்தாயிற்று. அவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மேசையைத் துடைக்கத் திரும்பினால், டிரேயில் கிடந்த மூன்று ஸ்ட்ரிப்பில் ஒன்றில் இரண்டு கோடு.

யாருடையது? அதுதான் தெரியவில்லை. அமைப்பில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. பெயரே எழுத மாட்டார்கள். எண் அச்சிட்ட சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியை ஸ்ட்ரிப்பில் ஒட்டி, மீதியை ஆளின் கையில் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை மீறியதற்காக இரண்டு பேரை வேலையை விட்டே அனுப்பியவள் ஈரலக்கா. அவளே நேற்று, "நம்ம வீட்டு ஆளுங்கதானே, நம்பர் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது கூடுதல் வம்பு. முடிவை அதற்கு உரியவரிடம் மட்டும்தான் சொல்லலாம். தனியாக, கதவைச் சாத்தி. உரியவர் யாரென்றே தெரியாதபோது யாரைக் கூப்பிட்டு எந்தக் கதவைச் சாத்துவது? யோசித்து யோசித்து விடிந்துவிட்டது.

காலை ஏழு மணிக்குச் சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"டீ வேணாம். வயிறு ஒரு மாதிரி இருக்கு," என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் நடு மாடியில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். பன்னிரண்டு வருடமாக டீயை வேண்டாம் என்று சொல்லாத மனிதர். ஈரலக்காவுக்குப் பக்கென்றது.

மாமியார் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்ன அத்தை, அரிக்குதா?"

"கொசு கடிச்சா அரிக்காதா?"

கல்லீரல் கெட்டாலும் அரிக்கும். ஈரலக்கா வாயை மூடிக்கொண்டாள்.

நாத்தனார் சின்னு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து நிறைமாத வயிறு போலவே தெரிந்த ஏழு மாத வயிற்றில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணவன் கப்பலில் வேலை பார்ப்பதால் பிரசவம் வரைக்கும் இங்கேதான் இருப்பாள். அவள் முகம் மஞ்சளாக இருந்தது. கண்கூட மஞ்சளோ? ஈரலக்கா பாய்ந்து போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

"ஐயோ அண்ணி, கண்ணு கூசுது!"

முகம் பளிச்சென்று இருந்தது. திரைச்சீலைதான் மஞ்சள். அதை வாங்கிப் போட்டதே ஈரலக்காதான்.

அடுத்து அவள் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கணவர் வேண்டாம் என்றதையும் மறந்து நாலு டம்ளரில் டீ ஊற்றினாள். ஊற்றிவிட்டு, ஒரு டம்ளரை மட்டும் கை தானாக ஓரமாகத் தள்ளி வைத்தது. ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது என்று ஒன்பது வருடமாகத் தொண்டை வற்றக் கத்திய பெண்மணியின் கை! அதிலும் கூத்து, யாருடைய டம்ளர் என்றே தெரியாமல் தள்ளியிருக்கிறது. சீ, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு டம்ளரை இழுத்து மற்றவற்றோடு சேர்த்தாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

அமைப்பின் லேப் டெக்னீஷியனை எல்லாரும் 'நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து நிமிடம் ஆகும் முன்னால் எவராவது ஸ்ட்ரிப்பை எட்டிப் பார்த்தால் கையிலேயே அடிப்பார். அவருக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நிமிஷம், என்ன பண்றதுன்னே புரியலை. தலை சுத்துது."

"இதுல என்னக்கா புரியணும்? மூணு பேருக்கும் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க."

"என்ன காரணம் சொல்லிப் பண்றது? போட்டோ சரியா விழலைன்னு சொல்லட்டா?"

"பொய் சொல்லி ரத்தம் எடுப்பீங்களா? நீங்களா?"

"உண்மையைச் சொன்னா ஒருத்தரோட விஷயம் மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுமே. நம்ம ஆபீஸ் விதி என்ன ஆகுறது?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நேத்து நம்பர் ஒட்டாம விட்டீங்களே, அப்பவே விதி போயாச்சு. இப்ப ஆளுங்களைப் பாருங்க."

அடி வாங்கியது போலிருந்தது. ஆனால் சொன்னதில் தப்பும் இல்லை. கீழே இறங்கி வந்தாள். மகள் 'வாலு' ஏற்கெனவே ஸ்கூல் வேனில் ஏறிப் போயிருந்தாள். அது ஒரு நிம்மதி. மேசை முன்னால் நின்று, ஒரே மூச்சில், ஸ்ட்ரிப், இரண்டு கோடு, நம்பர் ஒட்டாதது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சின்னுவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு அப்படியே நின்றது.

"அது என்னோடதுதான்," என்றார் லிஃப்ட் மெக்கானிக் பட்டென்று. "போன வருஷம் பல்லு புடுங்கினேன்ல? அங்கதான் வந்திருக்கும். அந்த ஆளு கையுறையைக்கூட மாத்தலை."

"வாயை மூடுடா," என்றார் மாமியார். "அது எனக்குத்தான். சின்னு பொறந்தப்ப எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. அப்பல்லாம் எதைப் பாத்து ஏத்தினாங்க?"

"அம்மா, நீ சும்மா இரு. எனக்குத்தான் வயிறு சரியில்லை."

"நேத்து நீ எட்டு பஜ்ஜி தின்னே, அதனால சரியில்லை. எனக்குத்தாண்டா அரிக்குது."

"கொசுன்னு சொன்னே?"

"கொசு இல்லை!"

சின்னு தட்டை மேசையில் ணங்கென்று வைத்தாள். "போதும் நிறுத்துங்க. பஸ்ல சீட் புடிக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் துண்டு போடுறீங்க. எனக்கு இருக்குமோன்னு பயந்துதானே ரெண்டு பேரும் இப்படிப் பொய் சொல்றீங்க?"

அம்மாவும் பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவே பதிலாகிவிட்டது. சின்னுவின் கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணி, எனக்கா இருந்தா பாப்பாவுக்கு என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஈரலக்கா பதில் சொல்வாள். "ஒண்ணும் ஆகாது. ஆக விடமாட்டோம். அம்மாவுக்கு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா போதும், பாப்பா பொறந்த அன்னைக்கே ஊசி போட்டுக் காப்பாத்திடலாம். தெரியாம விடறதுதான் ஆபத்து."

"நேத்தே ஏன் சொல்லலை?" என்றார் கணவர். குரல் உயர்ந்திருந்தது.

"யார்கிட்ட சொல்றது? சொல்லுங்க, யார்கிட்ட? உங்ககிட்ட சொன்னா அது சின்னுவோடதா இருந்தா? அத்தைகிட்ட சொன்னா அது உங்களோடதா இருந்தா? ராத்திரி பூரா இதையேதான் யோசிச்சேன். எனக்கு ஒண்ணும் புரியலைங்க!"

அவள் அழ ஆரம்பித்ததும் அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார்.

"சரி சரி. டெஸ்ட் பையைக் கொண்டா. இப்பவே குத்து."

இந்தத் தடவை எண் ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆளுக்குப் பாதிச் சீட்டு. விரலைத் துடைத்து, குத்தி, துளியை விட்டு, ஸ்ட்ரிப்புகளை மேசை நடுவில் வரிசையாக வைத்தாள். மாமியார் கடிகாரத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஊரே பேசியதைக் காதில் கேட்டும் வெளியே ஒரு வார்த்தை விடாதவர். உட்கார்ந்து காத்திருப்பது அவருக்குப் பழக்கம். மற்றவர்களுக்கு அது வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஃபிரிட்ஜ் கதவை நாலு தடவை திறந்து நாலு தடவை மூடினார். சின்னு வயிற்றில் கை வைத்து உள்ளே இருப்பதோடு என்னவோ முணுமுணுத்தாள்.

"ஆச்சு," என்றார் மாமியார்.

ஒன்றாம் எண், மாமியார். ஒரு கோடு. இரண்டாம் எண், கணவர். ஒரு கோடு. மூன்றாம் எண், சின்னு. ஒரு கோடு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே ஒரு கோடுதான்.

சின்னு சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு டீ ஞாபகம் வந்தது.

"வயிறு?" என்றாள் ஈரலக்கா.

"இப்பத் தேவலை."

வீடே ஒரு நிமிடம் கல்யாண வீடு மாதிரி கலகலத்தது. மாமியார் மட்டும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுத்து மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க மூணு பேருக்கும் இல்லை. சரி. அப்ப நேத்து அந்த ரெண்டு கோடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஸ்ட்ரிப் கெட்டுப் போயிருக்கும் அத்தை. எப்பவாவது அப்படி ஆகும்."

"நேத்து குத்திக்கிட்டது மூணு பேர் இல்லையே. நாலு பேர்."

ஆமாம், நாலு பேர். பயந்தவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மேசை போடுகிற இடத்திலெல்லாம் முதலில் தன் விரலைத்தான் குத்திக்கொள்வாள் ஈரலக்கா. நேற்றும் குத்தினாள். "என்னோடதை நான் அப்பவே குப்பைத் தொட்டியில போட்டுட்டேன் அத்தை. இடது ஓரத்துல இருந்தது. எப்பவும் என்னோடதை இடது ஓரத்துலதான் வெப்பேன்."

"அண்ணி," என்றாள் சின்னு மெதுவாக. "போட்டோகிராபர் வெளிச்சம் விழலைன்னு டிரேயை அப்படியே சுத்தித் திருப்பி வெச்சாரே. அதுக்கு முன்னாடி போட்டீங்களா, அப்புறமா?"

ஈரலக்கா யோசித்தாள். போட்டோ எடுத்தது, எல்லாரும் எழுந்தது, இடது ஓரத்து ஸ்ட்ரிப்பைத் தொட்டியில் போட்டது, ஆட்டோவைக் கூப்பிட ஓடியது. அப்புறம்தான். அப்படியென்றால் தொட்டியில் விழுந்தது, டிரேயைத் திருப்பும் முன் வலது ஓரத்தில் இருந்த கணவரின் ஸ்ட்ரிப். அவளுடையது டிரேயிலேயே கிடந்திருக்கிறது.

"போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்தியா?" என்றார் மாமியார்.

"இல்லை அத்தை."

"இதுக்கு முன்னாடி, வேற எங்கயாவது, உன்னோடதை என்னைக்காவது பாத்திருக்கியா?"

ஈரலக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இருநூறு கூட்டமாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் குத்திக்கொண்டாள், துளி விட்டாள், கைதட்டல் வாங்கினாள். அந்தக் கைதட்டல் அடங்கும் முன்னாலேயே வரிசை சேர்ந்துவிடும். அவளுடைய ஸ்ட்ரிப் தொட்டிக்குப் போய்விடும். பதினைந்து நிமிடம் அதற்காக எவர் காத்திருந்தார்? வேலைக்குச் சேர்ந்த வாரமே எல்லாருக்கும் தடுப்பூசி போட்டார்கள். அவசரத்தில் முன்னதாக ஒரு பரிசோதனைகூட இல்லை. ஊசி போட்டாயிற்று, இனி நமக்கு வராது என்று இருந்துவிட்டாள். அதற்கு முன்னாலேயே வந்திருந்தால் என்ற நினைப்பு அவளுக்கு ஒரு நாளும் வரவில்லை. ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்த மூளைக்கு அது எப்படி எட்டாமல் போனது என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை.

நாலாம் எண்ணை ஒட்டினாள். விரலைக் குத்திக்கொண்டாள். ஸ்ட்ரிப்பை வைத்துவிட்டு, கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவப் போய்விட்டாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமியார் மகனையும் மகளையும் கூடத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"குழாயை மூடும்மா. இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தாள்.

"ரெண்டு கோடு இருக்கு. உனக்குத்தான்."

எத்தனை பேருக்கு இதே மாதிரி சொல்லியிருக்கிறாள்! எதிரே இருப்பவர்கள் ஏன் அப்படி மலங்க மலங்க விழித்தார்கள் என்று இப்போதுதான் விளங்கியது. எப்போது வந்தது? அம்மாவிடமிருந்தா, சின்ன வயதில் போட்ட ஏதோ ஊசியிலா? ஒன்பது வருடமா, முப்பத்தெட்டு வருடமா? அழ வேண்டுமா, டாக்டருக்குப் போன் பண்ண வேண்டுமா? இந்த மாத அறிக்கையில் இன்னொரு ஆளைச் சேர்க்க வேண்டுமே என்றுகூட ஒரு கிறுக்கு நினைப்பு வந்து போனது.

"இதை வெச்சுக்கிட்டே நிறையப் பேரு நல்லா இருக்காங்கன்னு நீதானே சொல்லுவே? மருந்து இருக்கு, செக்கப் இருக்குன்னு?"

"சொல்லுவேன் அத்தை."

"நீ சொன்னது நிஜம்தானே?"

"நிஜம்தான் அத்தை." சொல்லிவிட்டு மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு மணிக்குப் போகணும்ல? போக வேணாம்னு தோணினா போக வேணாம்," என்றார்.

"போறேன்," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

போகிற வழியில் நிமிஷம் போன் பண்ணினார். "அக்கா, மூணு பேர்ல யாரு?"

"நாலு பேர்ல ஒருத்தர்," என்றாள். அவர் சட்டென்று புரிந்துகொண்டார். பிறகு, "நாளைக்குக் காலைல நானே வந்து நரம்புல ரத்தம் எடுக்கறேன்கா. லேப்ல உறுதி பண்ணாம எதையும் முடிவு கட்டாதீங்க," என்றார்.

குழுக் கூடம் குளிரூட்டிய நீள அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது தண்ணீர் பாட்டில்கள். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். நடுவில் இருந்த தலைவி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ஆரம்பிங்கம்மா," என்றார்.

பேப்பரைப் பார்த்துப் படித்தாள். முதல் பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. எத்தனை வருடப் பழக்கம்! வாய் ஒரு பக்கம் படித்தது, மனசு வேறெங்கோ கிடந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி.

"இந்தக் கிருமி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்..."

நின்றுவிட்டாள்.

காலையில் சின்னுவுக்கு இதே வரியைத்தான் கடகடவென்று ஒப்பித்தாள். அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன மருத்துவமனையில், மழை பெய்த மத்தியானத்தில், அவளும் ஒரு குழந்தையைப் பெற்றாள். அப்போது அவள் ஈரலக்கா இல்லை. எவரும் அவள் விரலைக் குத்தவில்லை.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் தலைவி.

"இல்லைங்க. எனக்கு ஒண்ணு தெரியலைங்க."

"என்ன தெரியலை?"

"என் மகளுக்கு இந்த ஊசி அன்னைக்குப் போட்டாங்களான்னு எனக்குத் தெரியலை."

மேசைக் கோடியில் இருந்த உறுப்பினர் ஒருவர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்னங்க இது, ஊருக்குச் சொல்ற உங்களுக்கே தெரியலைன்னா எப்படி?"

கிண்டலாகத்தான் கேட்டார். அவளுக்கு அது கிண்டலாகவே படவில்லை.

"அதான் சார். எனக்கே தெரியலை. ஒன்பது வருஷமா இதே வேலை. எனக்கு இந்த நோய் இருக்குன்னு இன்னைக்குக் காலைலதான் தெரியும். என் மகளுக்கு இருக்கான்னு இந்த நிமிஷம் வரைக்கும் யோசிக்கவே இல்லை. எனக்கே இப்படின்னா, மத்தவங்களுக்கு யாரு சார் சொல்லுவா? யாராவது கேட்டிருக்கணும் இல்லையா? நான் வயித்துல புள்ளையோட நின்னப்ப யாராவது ஒருத்தர் என் விரலைக் கேட்டிருக்கணும் இல்லையா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவி அதை அணைக்கச் சொன்னார். ஆனால் ஈரலக்கா பேப்பர்களை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டாள். அந்த ஒன்பது பேரும் பின்னால் என்ன பேசினார்கள் என்பதை நானே இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. மேசையில் வாலுவின் பழைய தடுப்பூசிக் கையேடு விரித்துக் கிடந்தது. சுற்றி மூன்று பேர்.

"காலைலயே எடுத்துட்டேன்," என்றார் மாமியார். "நீ பேசப் போறப்ப சொல்ல வேணாம்னு இருந்தேன்."

ஈரலக்கா குனிந்து பார்த்தாள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று எல்லாக் கட்டத்திலும் தேதி, கையெழுத்து, முத்திரை. எல்லாவற்றுக்கும் மேலே, 'பிறந்த அன்று' என்ற கட்டத்தில் ஒரே ஒரு டிக். தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை.

"போட்டதா, போடலையா?" என்றார் கணவர். "டிக் இருக்கே?"

"யாரு போட்ட டிக்குன்னு தெரியலைங்க."

"உனக்கு ஞாபகம் இல்லையா?"

"மயக்கத்துல இருந்தேன். நீங்கதானே வெளிய நின்னீங்க? உங்களுக்கு?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யாரோ வந்து எதையோ சொன்னாங்க. நான் தலையாட்டினேன். என்ன சொன்னாங்கன்னு... இல்லை, ஞாபகம் இல்லை."

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. அடுத்த நிமிடம் ஷூ ஒரு பக்கமும் பை ஒரு பக்கமுமாகப் பறக்க, வாலு உள்ளே வந்தாள். வந்தவளின் கண் நேராக நாலு பேர் கைகளுக்குப் போனது.

"இதென்ன, எல்லாரும் விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கீங்க? டெஸ்ட்டா? எனக்கு மட்டும் இல்லையா? நேத்தும் என்னை விட்டுட்டுப் போனீங்க!" மேசைக்கு ஓடி வந்து ஆட்காட்டி விரலை அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "எனக்கும் குத்து. நான் அழவே மாட்டேன்."

சின்னு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருடா கண்ணு," என்றாள் ஈரலக்கா. "எதுக்குன்னு முதல்ல சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் நீ சொல்லு." நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். நூறு தடவை சொன்ன வாசகங்கள் எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டனவோ, ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அம்மாவுக்கு ஒரு நோய் இருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ பொறந்தப்ப என்கிட்டேர்ந்து உனக்கும் வந்திருக்குமோன்னு தெரியலை. பாத்தாதான் தெரியும்."

வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். நீட்டிய விரலை மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அப்படின்னா எனக்குத் தெரிய வேணாம்," என்றாள்.